மரமாக நின்ற மதியம்

நான் புங்க மரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அக்கினி நட்சத்திர வெயில். கையில் ஒரு கறுப்புக் குடை. என் காலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு வட்டம். எனக்கு இடது பக்கம் எங்கள் லைன் வீட்டு டெய்லர் வேப்ப மரமாக நின்றார். அந்தப் பக்கம் ரேஷன் கடையில் எடை போடுகிறவர் பூவரச மரம். இப்படி அந்தப் பொட்டல் முழுக்க ஆளுக்கொரு வட்டத்தில் குடை பிடித்து நின்றோம். மரங்களுக்குக் கீழே பெண்களும் வயசானவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னுடைய நிழலில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார்.

மடியில் ஒரு கட்டு பனியன். சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய நூல்கள் அவர் சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் வாசம் வெயிலில் இளகி மேலே வந்தது. போத்தனூர் ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி மாற்றும் சத்தம், இரும்பை இரும்பு முட்டும் சத்தம், விட்டு விட்டுக் கேட்டது.

"ஏனுங்க, கை வலிக்குதுங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"மரமா நிக்கச் சொன்னா இவரு பேசறாருங்க மேடம்!" என்று தூரத்திலிருந்து குடைக்கடைக் காதர் பாய் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. குடையைக் கொஞ்சம் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பொட்டல்

நான் வேலை பார்த்த பஞ்சு மில் மூடிய கதையை முன்பு வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறேன். தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. மில்லில் சங்கு ஊதுவது நின்றது. ஆனால் மில் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் அப்படியே இருந்தோம். எதிரெதிரே இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். நடுவில் ஒரு பெரிய பொட்டல். முன்பு பஞ்சு வண்டிகள் நின்ற இடம் அது. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. ஒரு மூலையில் பொதுக் குழாய்.

அந்தப் பொட்டலில் ஒரு பூங்கா போடலாம் என்று மேலே முடிவாகி, அதற்குப் படம் போடும் பொறுப்பு ஹேமா மேடத்திடம் வந்தது.

மேடம் முதல் நாள் ஸ்கூட்டரில் வந்து என்னிடம்தான் வழி கேட்டார். எனக்குப் புதிய ஆட்களைப் பார்த்தால் பேச்சு வராது. அதனால் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்துபோய் இடத்தைக் காட்டினேன். அன்று முழுக்க அளவு டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன். சாயங்காலம், "அண்ணா, நாளைக்கும் வர்றீங்களா?" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்படித்தான் இந்த வேலை கிடைத்தது. பிறகு பல வருஷம் அவர் கூடவே போனேன்.

"தோட்டம் போட ஒரு படிப்பா?"

மேடத்துக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். தென்னந்தோப்புக்காரக் குடும்பம். வடக்கே போய் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் படிப்புப் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பேரை நாக்கு சுளுக்காமல் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அவருடைய அப்பாவுக்கு அதைவிடச் சிரமம். ஒருதரம் இளநீர் குடிக்க எங்களைத் தோப்புக்குக் கூப்பிட்டிருந்தார். மகளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, தோட்டம் போடறதுக்கு ஒரு படிப்புன்னு அஞ்சு வருசம் படிச்சுப்போட்டு வந்திருக்குது. நம்ம தோட்டத்துல இல்லாத செடியா? அங்க என்னதானுங்க சொல்லிக்குடுத்தாங்க?"

"அப்பா, இது பொதுசனத்துக்கு."

"பொதுசனத்துக்குத் தோட்டமிருந்தா அவங்க போட்டுக்குவாங்க கண்ணு."

"இல்லாதவங்களுக்குத்தானுங்கப்பா நான் போடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் இளநீரைப் பார்த்தேன். தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே எப்போதும் இருக்கும். கடைசியில் அவர், "செரி, ஒண்ணு ரெண்டு தென்னம்பிள்ள வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ" என்றார். சண்டை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

பவுண்டன்

பூங்கா வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியர் நல்ல மனுஷர்தான். ஆனால் பார்க் என்றால் அவர் மனசில் ஒரே ஒரு படம்தான் இருந்தது.

"நடுவுல பவுண்டன். சுத்தியும் புல்லு. காம்பவுண்டு, கேட்டு, பூட்டு. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு தொறந்து வெக்கறோம்."

"பூட்டி வெக்கறதுக்கு எதுக்குங்க சார் பார்க்கு? இவங்க நாளெல்லாம் இங்கதானே இருக்காங்க" என்றார் மேடம்.

"புல்லு வேண்டாமா?"

"இங்க குழாய்ல தண்ணி எப்ப வருதுன்னு ஒருக்கா கேட்டுப் பாருங்க."

இன்ஜினியர் கேட்டார். குழாயடியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் புல்லை விட்டுவிட்டார். பவுண்டனை மட்டும் விடவில்லை. கடைசியில் மேடம் குழாயில் வழிகிற தண்ணீர் வந்து சேர ஒரு சின்னத் தொட்டி கட்டினார். காக்காயும் மைனாவும் குடிக்கும். மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் செடிக்குப் போகும். காகிதத்தில் அதற்குப் பவுண்டன் என்று பேர். இரண்டு பேருக்கும் திருப்தி.

குடைகள் வந்த கதை

மேடம் எடுத்த எடுப்பில் படம் போடுகிறவர் இல்லை. "நான் வரையறதுக்கு முன்னாடி எங்க நெழல் வேணும்னு நீங்கதான் எனக்குக் காட்டணும்" என்று லைன் ஆட்களிடம் சொன்னார். செடி வைத்தால் அது மரமாக வருஷக்கணக்கு ஆகும். அப்புறம் "ஐயோ, தப்பான இடத்தில் வைத்துவிட்டோம்" என்றால் என்ன செய்வது? அதனால் முதலில் ஆட்களை மரமாக நிறுத்தி, குடையைக் கிளையாக விரித்து, ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று யோசனை.

வீட்டுக் குடைகள் போதவில்லை. டவுனில், பெரிய கடைவீதிக்குப் பின்பக்கச் சந்தில், காதர் பாய் குடைக்கடை வைத்திருந்தார். மேடம் அங்கே போய்க் கேட்டார்.

"ஏம்மா, குடை விக்கறவங்கிட்டயே வந்து மரம் வெக்கறதுக்குக் குடை கேக்கறீங்களே. ஊரெல்லாம் மரமாயிட்டா என் யாவாரம் என்னாகறது?"

"மழைக்கு வேணுமில்லீங்களா பாய்?"

"கோயமுத்தூர்ல மழையா? நல்லாச் சொன்னீங்க போங்க."

ஆனாலும் குடுத்தார். குடைகளைக் காவல் காக்கத் தானும் வந்தார். வெயிலில் நிற்க முடியாமல், கடைசியில் அவரும் ஒரு குடையை விரித்துக்கொண்டு மரமாகிவிட்டார். என்ன மரம் என்று கேட்டதற்கு, "பேரீச்சை" என்றார்.

பாக்கியம்

பாக்கியம் எதிர் வரிசையில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். மில்லில் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் வேலை பார்த்தவர். அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவருடைய கல்யாண வயசு கடந்துபோனது. மில் மூடிய பிறகு அண்ணன் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, திருப்பூரிலிருந்து வரும் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. பெண் பார்க்க யாரும் கிளம்பவில்லை. நானாகக் கேட்கிற ஆளும் இல்லை.

எங்கள் லைனில் எல்லாப் பெண்களும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட மரியாதைக்கு அப்படிச் சொல்வார்கள். பாக்கியம் ஒருதரம்கூட அண்ணா என்று சொன்னதில்லை. "ஏனுங்க" என்பார், அவ்வளவுதான். குழாயடியில் "ஏனுங்க, தண்ணி நின்னுருச்சுங்களா?" என்பார். அதை வைத்துக்கொண்டே நான் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அந்தச் சித்திரையில்தான் பேச்சு அடிபட்டது. அவருடைய அண்ணன் செல்வராசு பல்லடத்தில் தறி ஓட்டப் போகிறாராம். ஒரு வீடு பார்த்தாகிவிட்டதாம். மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் போவதற்குள் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் குழாயடி வரை போய்த் திரும்புவேன்.

குடை நாளன்று மேடம் "யாரு எந்த மரத்துக்குக் கீழ வேணும்னாலும் உக்காருங்க" என்றார். பாக்கியம் பனியன் கட்டை எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்து என் குடைக்குக் கீழே உட்கார்ந்தார்.

நடந்த மரங்கள்

மேடம் சொன்ன கணக்கு இதுதான். மரங்கள் வட்டத்தை விட்டு அசையக் கூடாது. வெயில் சாயச் சாய, உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வேறு மரத்துக்கு மாறுவார்கள். யார் எந்நேரத்தில் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று அவர் குறித்துக்கொள்வார். கை வலித்தால் மரத்துக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் குறித்துக்கொண்டிருந்தார். அதற்குள் இன்ஜினியர் ஆள் அனுப்பவே டவுனுக்குப் போனார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. வந்து பார்த்தால் ஒரு வட்டத்திலும் மரம் இல்லை.

நடந்தது என்னவென்றால், உட்கார்ந்திருந்த ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மரங்கள்தான் கிளம்பி நடந்தன. வயசான மனுஷர் தோளில் வெயில் விழுந்தால் டெய்லர் எப்படிச் சும்மா நிற்பார்? "வெயில் படுதுங்களா?" என்று கேட்டு ஒரு எட்டு நகர்ந்தார். அதைப் பார்த்து ரேஷன் கடைக்காரர் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். முதலில் வெயில் பாக்கியத்தின் கால் விரலைத் தொட்டது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அரை அடி தள்ளி நின்றேன். பிறகு இன்னும் அரை அடி.

"ஏனுங்க, மரம் நடக்குமாங்க?" என்று மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் வேலை போச்சே.

கடைசி வீட்டு ராமாத்தாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஏனம்மணி, ஒரு மனுசன் வெயில்ல உக்காந்திருக்கறதக் கண்ல பாத்துக்கிட்டு எப்படிக் கண்ணு சும்மா நிக்கறது? உன்ற மரமெல்லாம் எங்கூர் மரந்தானே?"

மேடம் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வட்டங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும் அசையாதீங்க. இப்ப நிக்கற எடத்துலயே நில்லுங்க" என்று சத்தம் போட்டார். சுண்ணாம்பு எடுத்து, ஒவ்வொரு மரமும் காலையில் நின்ற இடத்திலிருந்து இப்போது நிற்கும் இடம் வரை ஒரு கோடு இழுத்தார். உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார்.

பூங்காவின் படம் அதிலிருந்துதான் வந்தது. ஆள் உட்கார்ந்த இடத்தில் ஒரு கல் பலகை. அதற்குக் கிழக்கே ஒரு மரம், மேற்கே ஒரு மரம். குடைக்கு ஆறடி உயரம், மரத்துக்கு முப்பதடி. அதனால் கோட்டை அதற்குத் தக்கபடி நீட்டிக்கொண்டார். காலையில் ஒரு மரம் நிழல் தரும், மத்தியானத்துக்கு மேல் மற்றது தரும். உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு பள்ளிக்கூட மைதானம், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், குளத்துக் கரை என்று மேடம் எத்தனையோ இடங்கள் செய்தார். போன இடமெல்லாம் காதர் பாயின் குடைகளும் போயின. எந்த ஊரிலும் மேடம் மரங்களை அசையாதே என்று மறுபடி சொன்னதில்லை. இப்போது அவர் வெளியூரில் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் போன பிறகு வெயிலில் அளவெடுக்கிற யாரைப் பார்த்தாலும் நான் நின்றுவிடுகிறேன். ஏதோ என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தோன்றும்.

கிளம்புகிற நாள்

ஐப்பசி மழையில் செடிகள் வைத்தோம். பாக்கியம் உட்கார்ந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் புங்கன் வைத்தேன். ஈர மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு போசி நிறையத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"எப்பங்க நெழல் வரும்?"

"நாலஞ்சு வருசமாவுமுங்க."

அவர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்து லாரி வந்தது. கட்டில், ஆட்டுக்கல், குழந்தைகளின் சைக்கிள் என்று எல்லோரும் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் வேலி முள் கட்டுகிற சாக்கில் செடிப்பக்கம் வந்துவிட்டேன். பாக்கியம் பின்னாலேயே வந்தார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னிக்கு நீங்க நவுந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

"எல்லாருந்தானுங்களே நவுந்தாங்க" என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

"எல்லாருந்தான் நவுந்தாங்க. எல்லாரும் ஆள் மாத்திக்கிட்டாங்க. நீங்க மாத்தவே இல்லீங்களே."

என் கையில் முள் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கேக்கறதுன்னா பல்லடத்துக்கு வந்து கேளுங்க. அண்ணன் குடுக்கமாட்டேன்னுதான் சொல்லுவாரு. ஆனாலும் வாங்க. நீங்க வந்தீங்கன்னு நான் தெரிஞ்சுக்கோணும்."

பல்லடம்

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மேடத்திடம் மட்டும் சொன்னேன். "நான் வேணும்னா கூட வரட்டுங்களாண்ணா, பேசறதுக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். பெண் கேட்கப் போவதென்றால் பெரியவர்கள் நாலு பேர் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தட்டில் பழம் வெற்றிலை வேண்டும், நல்ல நாள் வேண்டும். எனக்கு ஆள் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை நானே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. வீட்டுக்கு வீடு தறி. ஞாயிறு திங்கள் எல்லாம் தறிக்குக் கிடையாதாம். செல்வராசு வாசலில் இருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். என் வாய் அசைந்தது. அவர் காதில் கையை வைத்தார்.

"என்னுங்க? மறுக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று.

பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் சத்தமாகப் பேசியதில்லை. மில்லிலேயே கையால் சைகை காட்டிக் காலத்தை ஓட்டிவிட்டவன். அன்று எழுந்து நின்றேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக்குடுங்கன்னு கேக்க வந்தனுங்க!"

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் திரும்பிப் பார்த்தார். எதிர்த் திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். வீட்டுக்குள் ஒரு கை பாத்திரத்தைக் கீழே வைப்பது தெரிந்தது.

செல்வராசு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதருகே பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க ஆறுமுகம். பெரியவங்க யாரும் வல்லீங்க. அது போகட்டும். செடிக்குத் தண்ணி ஊத்தறது ஒரு பொழப்புங்களா? நாளைக்கு அந்தம்மா வேற ஊருக்குப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" கடைசியில், "பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். பார்க்கலாம் என்றால் எழுந்துவிட வேண்டும். எழுந்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆடி கழிந்து திரும்பவும் ஒருதரம் போனேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பாக்கியத்தைத் தாராபுரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகப் பல வருஷம் கழித்துக் காதில் விழுந்தது. நல்ல இடம் என்றார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆனால் அந்தப் பங்குனி ஞாயிறு. நான் பத்து வீடு தாண்டி நடந்திருப்பேன். இரண்டு பக்கமும் தறிகள் போட்டு அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையெல்லாம் மீறிப் பின்னால் ஒரு குரல் வந்தது. திரும்பினேன். பாக்கியம் வாசலுக்கு வெளியே, தெரு நடுவில் நின்றார். அவருக்குப் பின்னால் செல்வராசு நின்றார். அக்கம்பக்கத்து ஆட்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினார்:

"ஏனுங்க! மறுக்கா வாங்க!"